வில்லனுக்கு ஒரு முன்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதை, நாவல், திரைக்கதை என்று எழுத உட்காருகிறவர்கள் பாத்திரங்களைப் பற்றி, அதிலும் வில்லன்களைப் பற்றி, திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

முன்கதை என்றால் ஃபிளாஷ்பேக் தானே?

இல்லை. கதை தொடங்குவதற்கு முன்பே அந்த ஆளுக்கு நடந்து முடிந்தவை எல்லாம் முன்கதை. ஃபிளாஷ்பேக் அதைச் சொல்ல இருக்கிற வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். சினிமா பார்த்துப் பழகிய நமக்கு இடைவேளை முடிந்ததும் இருபது நிமிடம் பழைய ஊர், பழைய வீடு, ஒரு சாவு என்று காட்டினால்தான் முன்கதை சொன்ன மாதிரி இருக்கிறது. எழுத்தில் ஒரு வாக்கியம் போதும். சில சமயம் அதுகூட வேண்டாம், நீங்கள் தெரிந்து வைத்திருந்தாலே அந்த ஆள் பேசுகிற விதம் மாறிவிடும்.

நல்ல முன்கதை வைத்துவிட்டால் நோக்கம் தானாக வந்துவிடாதா?

வராது, நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அடித்தார் என்பது முன்கதை. அதே அடியை வாங்கி வளர்ந்தவர்களில் ஒருவன் போலீஸ் வேலைக்குப் போகிறான், ஒருவன் தானும் குடிக்கிறான், ஒருத்தி ஊரை விட்டே போய் மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் மட்டும் அனுப்பிவிட்டு ஃபோனை எடுக்காமல் இருக்கிறாள். பட்ட அடி ஒன்றுதான். அதிலிருந்து ஒவ்வொருவரும் எந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதில்தான் ஆள் வேறாகிறான். அதனால் 'இவனுக்கு என்ன நடந்தது' என்று எழுதி முடித்ததும் நிறுத்தாதீர்கள். 'அன்றைக்கு இவன் மனசுக்குள் என்ன முடிவு கட்டினான்' என்று அவன் குரலிலேயே ஒரு வரி எழுதுங்கள். 'இனி எவனிடமும் கை நீட்டி நிற்க மாட்டேன்' என்பது ஒரு முடிவு. 'கையில் அதிகாரம் இல்லாதவன் அடி வாங்கத்தான் செய்வான்' என்பது வேறொன்று. முதல் ஆள் கடன் கொடுத்தாலும் வாங்க மாட்டான், இரண்டாவது ஆள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பான்.

அதோடும் முடியவில்லை, இன்றைக்கு அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒன்று இருக்க வேண்டும். கையால் தொடக்கூடிய ஒன்றாக, நாள் குறிக்கக்கூடிய ஒன்றாக இருந்தால் ரொம்ப நல்லது. 'மரியாதை வேண்டும்' என்றால் உங்களால் ஒரு காட்சி எழுத முடியாது. 'இந்தத் திருவிழாவில் முதல் மரியாதை தனக்கு வர வேண்டும்' என்றால் பத்துக் காட்சி எழுதலாம்.

கம்பராமாயணத்துக் கூனி மந்தரையைப் பாருங்கள். சிறு வயதில் இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் கூன் மேல் அடித்திருக்கிறான். ஆழ்வார் பாசுரங்களிலேயே வருகிற சேதி இது. கம்பன் அதை ஒரு பாட்டின் போக்கில், அவள் அதை நினைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். முன்கதை அவ்வளவுதான். பட்டாபிஷேகச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷத்தில் கைகேயி அவளுக்கு ஒரு மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள், மந்தரை அதைத் தரையில் வீசி எறிகிறாள். அப்புறம் பேச ஆரம்பிக்கிறாள், ஆனால் அந்த உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. கைகேயிக்கு எது வலிக்கும் என்று யோசித்து அதைப் பேசுகிறாள்: நாளைக்கு யாராவது உன்னிடம் வந்து உதவி என்று கேட்டால், கோசலையிடம் போய்க் கேட்டு வாங்கித்தான் கொடுப்பாயா? ஒரு ராணியைக் குத்துவதற்கு இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. மந்தரையின் காரணம் ஒன்று, அவள் கைகேயிக்குக் கொடுக்கிற காரணம் வேறு. இரண்டையும் தனித்தனியாக யோசிக்கத் தெரிந்தவர் கையில் வில்லி பேச ஆரம்பித்தால் அந்த இடம் நிற்கும்.

வில்லனுக்குச் சின்ன வயசுக் கொடுமை ஒன்று கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். கொஞ்ச நாளைக்கு யாரும் வைக்காமல் இருந்தால்கூட நல்லதுதான்.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனின் குழந்தைப் பருவம் யாருக்காவது தெரியுமா? இளங்கோ சொல்லவே இல்லை. ராணியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கிறான், அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயத்தில் இருக்கிறான், அந்த நேரம் பார்த்து கோவலன் அதே மாதிரி ஒரு சிலம்பைக் கொண்டுவந்து விலை கேட்கிறான். இவ்வளவு போதும். பழைய காயம் எதுவும் இல்லை, கோவலன் மேல் பகையும் இல்லை. எனக்கு இதில் அதைவிடப் பிடித்தது அரசன் பக்கம் நடப்பது. நாட்டியம் பார்த்துக்கொண்டிருந்த அரசனோடு ராணி ஊடல் கொண்டு தலைவலி என்று எழுந்து போய்விட்டாள், அவன் அவளைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான், வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து சேதி சொல்கிறான். விசாரிக்கிற பொறுமை அப்போது அவனுக்கு இல்லை. ஒருவனுடைய பயமும் இன்னொருவனுடைய அவசரமும் ஒரு நடைவழியில் சந்தித்துக்கொள்கின்றன, ஓர் உயிர் போகிறது. பாண்டியன் வில்லனே இல்லை. மாட்டிக்கொள்ளும் பயம், அவசரம், சோம்பல், கடன், ஊரார் வாய்: இவை எல்லாமே நோக்கங்கள்தான், இவற்றுக்கெல்லாம் அனாதை இல்லமும் தீப்பிடித்த குடிசையும் தேவையில்லை.

என் வில்லன்கள் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள். எப்படி வேறுபடுத்துவது?

ஒரே காட்சியில் மூன்று விதமாக அந்த ஆளை வைத்து எழுதிப் பாருங்கள். பெரிய காட்சியாக வேண்டாம். ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன்.

2021-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன்கள் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. அதையொட்டி அடகு நகைகளைச் சரிபார்த்தபோது சில இடங்களில் முறைகேடுகள் வெளியே வந்தன. இந்தச் சூழலில் ஒரு கற்பனைச் செயலாளரை வைப்போம். ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறார், வயது ஐம்பத்து மூன்று. பெட்டகத்தில் இருக்கிற பைகளில் சிலவற்றில் இருப்பது கவரிங். ஆய்வுக்கு வந்த அதிகாரி பேரேட்டைப் புரட்டிவிட்டு, "அந்த நூற்றுப் பன்னிரண்டை எடுங்க" என்கிறார்.

முதல் வகை ஆள் பயந்தவர். தங்கை கல்யாணத்துக்காக ஒரு தடவை கை வைத்தார், திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார், வைக்க முடியவில்லை, அதை மூட இன்னொரு பை. இவர் உடனே டீ சொல்லி அனுப்புவார். இன்னொரு சாவி வைத்திருக்கிற உதவியாளர் மத்தியானம்தான் வருவார் என்பார். கை சட்டைப் பையிலேயே இருக்கும், ஏனென்றால் அந்தச் சாவியும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது ஆளுக்கு ஊரில் பெயர் முக்கியம். கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொகை எழுதியவர், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இவர் பதற மாட்டார். தானே எழுந்துபோய் நூற்றுப் பதினொன்றை எடுத்து வந்து, முடிச்சை அவிழ்த்து, உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டு, "பாருங்க சார், கோடு அப்படியே நிக்குது" என்று காட்டுவார். அதிகாரிக்கு நம்பர் மறந்து போகிற அளவுக்குப் பேசுவார்.

மூன்றாவது ஆளுக்குப் பணம்தான் குறி, உணர்ச்சியே கிடையாது. நூற்றுப் பன்னிரண்டைச் சத்தம் போடாமல் எடுத்து வைப்பார். ஏனென்றால் அந்தப் பையின் சீட்டில் இருக்கிற கையெழுத்து ஆறு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த எழுத்தர் பெண்ணுடையது. வந்த முதல் வாரமே "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று வாங்கி வைத்துவிட்டார்.

மூன்று பேரும் செய்த குற்றம் ஒன்றுதான், சங்கமும் அதே சங்கம்தான். இனி கதை மூன்று திசையில் போகும். முதல் ஆள் தற்கொலைக்குப் போகலாம், இரண்டாவது ஆளுக்கு ஊரே சாட்சி சொல்லும், மூன்றாவது கதையில் அந்தப் பெண்தான் கதாநாயகி. 'கெட்டவன்' என்று மட்டும் குறித்து வைத்திருந்தால் இவற்றில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள்: முதல் ஆளின் தங்கையை நான் காட்சிக்குள் கொண்டுவரவே இல்லை.

ஒரே குடும்பத்தில், ஒரே மாதிரி வளர்ந்தவர்களுக்கு எப்படி வெவ்வேறு நோக்கம் வைப்பது?

இதற்கு இலங்கையை விடப் பெரிய பாடம் கிடையாது. அண்ணன் செய்தது தப்பு என்று கும்பகர்ணனுக்கும் தெரியும், வீடணனுக்கும் தெரியும். இருவரும் அதை இராவணன் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இருவர் கையிலும் இருக்கிற தகவலில் வித்தியாசமே இல்லை. தம்பி கிளம்பிப் போய்விடுகிறான், இவன் இருந்து சாகிறான். களத்தில் வீடணன் வந்து கூப்பிடும்போதும் கும்பகர்ணன், என்னை இத்தனை நாள் வளர்த்துப் போருக்கு அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வர மாட்டேன் என்கிறான். ஒருவனுக்கு அறம் முதலில், ஒருவனுக்குச் சோறு போட்ட கை முதலில். நம் ஊர்க் கூட்டுக் குடும்பங்களில் இந்த இரண்டு பேரும் இப்போதும் இருக்கிறார்கள், சொத்துத் தகராறு வரும்போது பார்க்கலாம். பாத்திரங்களுக்குள் தெரிந்த விஷயத்தில் வித்தியாசம் வைக்காமல், இரண்டு நல்ல விஷயங்களில் எதை விட்டுக்கொடுப்பார்கள் என்பதில் வித்தியாசம் வையுங்கள்.

பெண் வில்லிக்குப் பொறாமை தவிர வேறு என்ன வைப்பது?

கேள்வியே நம் டிவி சீரியல்களின் நிலைமையைச் சொல்கிறது. மாமியாருக்கு மருமகள் மேல் பொறாமை, ஓரகத்திக்கு ஓரகத்தி மேல் பொறாமை, பின்னணியில் இடி. ஆண் வில்லன் என்றால் நிலம், பதவி, பணம் என்று உலகமே இருக்கிறது, பெண் என்றால் நகைப்பெட்டியும் பூஜை அறையும் மட்டும்தானா?

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தால் நூறு நோக்கம் கிடைக்கும். ஒன்று சொல்கிறேன். 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அந்தப் பங்கு அப்போது கிடைக்கவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல்தான் வந்தது. அதிலும் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அது அப்படியே நிற்கும்.

இப்போது இரண்டு சகோதரிகளை வையுங்கள். அக்காவுக்கு 1988 தை மாதம் கல்யாணம், தங்கைக்கு 1990 ஆவணியில். 1996-இல் பாகப்பிரிவினை. தம்பிக்கும் தங்கைக்கும் பங்கு எழுதுகிறார்கள், அக்காவைச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்கள். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, போட்டுவிட்டு, எல்லாரோடும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அவசரமாகக் கட்டிக்கொடுத்ததே, தங்கைக்கு வழிவிட வேண்டும் என்றுதான். பதினைந்து வருடம் கழித்து அந்த நிலம் மனை போட்டு விற்கப்படும்போது தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தைக் கெடுக்க இந்த அக்கா ஏதாவது செய்தால், அதைப் பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியுமா? இந்த அக்கா எனக்கு எந்தத் தாதாவை விடவும் பயமாக இருக்கிறாள்.

முன்கதையை எங்கே, எவ்வளவு சொல்வது?

வாசகர் கேட்ட பிறகு, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக. அந்த ஆள் மேல் ஆர்வம் வருவதற்கு முன்பே நீங்கள் அவன் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னால் அது பயோடேட்டா. முதலில் அவன் ஏதாவது விசித்திரமாகச் செய்யட்டும். கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவன் இலையில் வைத்த இனிப்பை மட்டும் எடுத்து டவலில் முடிந்துகொள்கிறான் என்று வையுங்கள். யாருக்கு என்று வாசகர் தானாகக் கேட்பார். இன்னும் முப்பது பக்கம் அதைச் சொல்லாமல் ஓட்டலாம்.

வில்லனே தன் கதையைச் சொல்வது பற்றி: கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சுயசரிதை சொல்கிற ஆட்கள் எழுத்திலும் நிறைய இருக்கிறார்கள். ஒருவன் தன் கடந்த காலத்தைப் பற்றிப் பேசினால் அதில் பாதி பொய்யாக இருக்கும், இல்லையென்றால் வசதியாக வெட்டப்பட்டிருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். அவன் சொல்வது ஒன்று, அவன் சித்தி சொல்வது வேறு, ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் மூன்றாவது என்று இருந்தால் ஃபிளாஷ்பேக்கே தேவைப்படாது.

முன்கதை வைத்தால் வில்லனை நியாயப்படுத்திவிட மாட்டோமா?

புரிவது வேறு, மன்னிப்பது வேறு. வாசகர்களுக்கு இது தெரியும், எழுதுகிறவர்களுக்குத்தான் சந்தேகம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, முன்கதை மொத்தக் கதையையும் திருப்பிப்போட்டுவிடலாம்.

சகுனியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை: அவன் அப்பாவையும் சகோதரர்களையும் கௌரவர்கள் சிறையில் போட்டார்கள், ஆளுக்குக் கொஞ்சம் சோறுதான், அதை எல்லாம் சகுனி ஒருவனுக்கே கொடுத்து அவனை மட்டும் பிழைக்க வைத்தார்கள், செத்துப்போன அப்பாவின் எலும்பில் செய்ததுதான் அந்தத் தாயக்கட்டை. வியாச பாரதத்தில் இது இல்லை. அங்கே சகுனி மருமகனுக்காக ஆடுகிற மாமன், அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி வந்த மக்களுக்கு அது போதவில்லை போல, இவ்வளவு பெரிய நாசத்துக்கு இன்னும் பெரிய காரணம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் இந்த முன்கதையைச் சேர்த்ததும் என்ன ஆகிறது பாருங்கள். சகுனி துரியோதனனின் ஆள் இல்லை, அவனை அழிக்க வந்த எதிரி. சூதாட்ட மண்டபத்தில் அவன் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்புக்கும் அர்த்தம் மாறுகிறது, துரியோதனன் பாவப்பட்ட ஆளாகிவிடுகிறான். அருமையான கற்பனை, ஆனால் அது வேறு கதை. உங்கள் முன்கதையும் இப்படி மற்றவர்களைத் தள்ளி விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளினால் சில சமயம் அந்தப் புதுக் கதையையே எழுதிவிடலாம்.

வில்லனுக்குத் தான் வில்லன் என்று தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. தெரிந்தவர்களும் உண்டு, அவர்கள் கொஞ்சம் அலுப்பான ஆட்கள்.

நொண்டி, கறுப்பு, கூன், தழும்பு, குறிப்பிட்ட வட்டார வழக்கு... இவற்றை வில்லனுக்கு அடையாளமாக வைக்கலாமா?

அது சோம்பேறித்தனம், கொடுமையும்கூட. காலைத் தாங்கி நடக்கிறவர் தினமும் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிறார், அவரும் உங்கள் கதையைப் படிப்பார். ஊனம் ஒன்றுக்கு முன்கதையில் இடம் உண்டு என்றால், அதைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதுங்கள். மந்தரையிடமும் கூனை விடப் பெரிய விஷயம், அரண்மனைப் பிள்ளை ஒருத்தன் அதை விளையாட்டுப் பொருளாக நினைத்ததுதான். வட்டார வழக்கும் அப்படியே. ரவுடி என்றால் ஒரு ஊர்ப் பேச்சு, ஏமாற்றுக்காரன் என்றால் இன்னொரு ஊர்ப் பேச்சு என்று பழக்கமாகிவிட்டது. கதாநாயகனும் அதே ஊர்ப் பேச்சைப் பேசட்டும், அப்போது பிரச்சினை இல்லை.

சரித்திரக் கதையில் நிஜமாக வாழ்ந்தவர்களுக்கு நாமே நோக்கம் வைக்கலாமா?

வைத்துத்தான் ஆக வேண்டும், சான்றுகள் அதைக் கொடுப்பதே இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலையைக் கொண்ட கரிகால சோழனை, அதாவது இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது, அவர்களுடைய சொந்தக்காரர்கள் வரைக்கும் சொத்துகள் பறிமுதலானதைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வரி கிடையாது. வரி வசூலும் நிலமும் எழுதுகிற கல்லில் அது எதற்கு? இந்த ஓட்டைக்குள் நுழைந்துதான் கல்கி, 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில், நந்தினி என்ற கற்பனைப் பெண்ணையும் வீரபாண்டியன் தலை வெட்டப்பட்ட அந்த இரவையும் வைத்தார். அது தெரிந்த சான்றோடு மோதவில்லை, சான்று வாயை மூடிக்கொண்ட இடத்தில் பேசியது. நீங்களும் அப்படிச் செய்யலாம். கல்வெட்டு தெளிவாகச் சொல்கிற இடத்தில் மாற்றினால் மட்டும், முன்னுரையில் சொல்லிவிடுங்கள். சமீபத்தில் வாழ்ந்தவர்கள், பேரன் பேத்திகள் உயிரோடு இருப்பவர்கள் என்றால் பெயரை மாற்றிவிட்டு எழுதுவது உத்தமம்.

துணைப் பாத்திரங்களுக்கும் இவ்வளவு வேண்டுமா?

ஒரு வரி போதும். டீக்கடைக்காரருக்குப் பாக்கி வசூலாக வேண்டும், டிரைவருக்கு ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும். அவரவருக்கு ஏதாவது வேண்டியிருந்தால் உங்கள் முக்கியப் பாத்திரங்களின் காட்சிக்குள் தானாகவே ஒரு இடைஞ்சல் வந்து சேரும். அந்த இடைஞ்சல்தான் காட்சியைப் பிழைக்க வைக்கும்.

கடைசியில் வில்லன் திருந்தலாமா?

திருந்தலாம், ஆனால் அறிவுரை கேட்டு இல்லை. முதலில் சொன்ன அந்த முடிவு, அவன் மனசுக்குள் கட்டிய ஒற்றை வரி, அது பொய் என்று அவனுக்கே படுகிற மாதிரி ஒன்று நடக்க வேண்டும். 'எவனிடமும் கை நீட்ட மாட்டேன்' என்று வாழ்ந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் யாரோ முகம் தெரியாதவர் ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனால் ஆடிப்போவான். அதற்காக உடனே நல்லவனாகிவிட வேண்டாம். நம் கூட்டுறவுச் செயலாளர்களில் இரண்டாவது ஆள், ஊர்ப் பெயர் முக்கியம் என்கிறவர், மாட்டிக்கொண்ட பிறகு திருந்துகிறார் என்றால், பணத்தைக் கட்டிவிடுவார், ஆனால் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்ததற்காகக் கோயில் கல்வெட்டில் இருக்கிற தன் பெயரை எடுக்க மட்டும் விடமாட்டார். அந்த அளவுக்குத் திருந்தினால் போதும், மிச்சத்தை அடுத்த அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.